அந்த அட்டவணையைத் திரும்பப் பெறுங்கள்

பொன்னேரிக் கடைகளில் விற்பனையாகும் பொது அறிவுக் கையேடு ஒன்றைக் கண்டித்து எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது. வெளியிட்டவர் பெயரை இங்கே சொல்லவில்லை. திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம் என்பதுதான் காரணம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் வினாடி வினாவுக்குத் தயாராகும் பள்ளிப் பிள்ளைகளும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்யும் புத்தகம் அது.

அதில் யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றையும் ஒப்பிட்டு ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். நிறுவியவர் என்ற கட்டத்தில் மோசே, இயேசு, முகமது. கடவுள் என்ற கட்டத்தில் யெகோவா, இயேசு, அல்லா. இந்தியாவுக்கு வந்த விதம் என்ற கட்டத்தில் யூதத்துக்கு 'இல்லை', கிறிஸ்தவத்துக்கு 'ஆங்கிலேயர்', இஸ்லாத்துக்கு 'கஜினி முகமது படையெடுப்பு'. அட்டவணைக்குக் கீழே, மறக்கக் கூடாது என்பதுபோல் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள்.

இந்தப் புத்தகம் எங்கே விற்கப்படுகிறது என்று பாருங்கள். பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் போய் இறங்கும் பழவேற்காட்டில் மகிமை மாதா கோயிலும் பள்ளிவாசல்களும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் நடந்தே போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. ஏரியில் வலை போடுபவரும் கரையில் நின்று மீன் ஏலம் எடுப்பவரும் வேறு வேறு சாமி கும்பிடுகிறவர்கள். அந்த ஊர்ப் பிள்ளை, தன் பக்கத்து பெஞ்சில் உட்காரும் நண்பனின் முன்னோர் படையெடுத்து வந்தவர்கள் என்று படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கப்போகிறது. சாதாரண அச்சுப்பிழையென்றால் ஒரு கடிதத்தோடு விட்டிருப்போம்.

வந்த விதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பொய் மிகவும் பச்சையாக இருப்பது அங்கேதான்.

கஜினி முகமது பிறந்தது 971-ல். அதற்கு நூறாண்டுக்கும் முன்பே, 849-ல், கொல்லத்தில் ஒரு செப்பேடு வெட்டப்பட்டது. சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வேணாட்டின் அய்யனடிகள், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் ஆளும் உரிமைகளும் எழுதிக்கொடுத்த சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து; தமிழ் படித்தவர் கொஞ்சம் முயன்றால் விளங்கிக்கொள்ளக்கூடிய பழைய மொழி. அந்தச் சாசனத்தின் கடைசி ஏட்டில் சாட்சிகள் கையொப்பம் போட்டிருக்கிறார்கள். சிலர் கூஃபி வடிவ அரபு எழுத்தில். சிலர் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்தில். சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியை எழுதியிருக்கிறார்கள், அவர்கள் யூதர்கள். கிறிஸ்தவக் கோயிலுக்கு ஓர் இந்து அரசன் கொடுத்த கொடைக்கு முஸ்லிமும் யூதரும் சாட்சி நின்ற ஆவணம், நம் மொழிக் குடும்பத்தின் எழுத்தில், இன்றும் கேரளத் திருச்சபைகளின் பாதுகாப்பில் பத்திரமாக இருக்கிறது. கையேட்டின் ஒரு கட்டத்தில் உள்ள மூன்று பதில்களையும் இந்த ஒரு செப்பேடே பொய்யாக்கிவிடுகிறது. எழுதியவர் இதைத் தேடிப் பார்க்கவில்லை. தேடாமலே அச்சடித்து விலைக்கு விற்கிறார்.

யூதர் 'இல்லை'யாம். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் வழங்கினான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த பரதேசி ஜெபக்கூடம் இன்றும் நிற்கிறது. கேரளம் வரை போவானேன்? சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை ஏற்றிப்போன யூத வணிகர்கள் புழங்கிய தெரு. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மென்களில் யூதரும் இருந்தார்கள். லாயிட்ஸ் சாலையில் அவர்களுடைய கல்லறைக் கற்கள் சில இன்னும் இருக்கின்றன. நம் தலைநகரத்தின் முதல் நகரசபையில் உட்கார்ந்த ஒரு சமூகத்தை 'இல்லை' என்று எழுத ஒருவருக்குக் கை வருகிறது என்றால், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

கிறிஸ்தவத்தை ஆங்கிலேயர் கொண்டுவந்தார்களா? பழவேற்காட்டில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் ஊரே எதிர்த்துக் கேட்கும். மகிமை மாதா கோயில் 1515-ல் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியதாகத் திருத்தல வரலாறு சொல்கிறது. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரே உலகத்தில் கிடையாது. ஆங்கிலேயக் கப்பல் 1611-ல் இதே பழவேற்காட்டுக் கரைக்கு வந்து வியாபாரத்துக்கு இடம் கேட்டபோது, முந்தி வந்து உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்கள் விடவில்லை. 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கால் வைத்தது 1639-ல். இவையெல்லாம் ஐரோப்பியர் கதை. மயிலாப்பூரோடும் கேரளக் கரையோடும் புனித தோமாவை இணைத்துச் சொல்லும் மரபு முதல் நூற்றாண்டைப் பேசுகிறது. அந்த மரபை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் தரிசாப்பள்ளிச் செப்பேடு மரபுக் கதை அல்ல, கையில் எடுத்துப் படிக்கக்கூடிய ஆவணம்.

இஸ்லாமும் இந்தக் கரைக்குப் பாய்மரத்தில் வந்தது, குதிரையில் வரவில்லை. மெக்காவிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர்களின் வழி நாங்கள் என்று சொல்லும் குடும்பங்கள் பழவேற்காட்டில் உண்டு. மரக்காயர்களும் லெப்பைகளும் இங்கே துணி வாங்கி விற்றார்கள், கப்பல் விட்டார்கள், தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தார்கள். சின்னப் பள்ளிவாசலுக்குப் போய்ப் பாருங்கள். நம் கோயில் தச்சு மரபில் செதுக்கிய கற்றூண்கள் இருக்கும். தொழுகை நேரம் பார்க்க வைத்த நிழல் கடிகாரம் இருக்கும். நாட்டைப் பிடிக்க வந்தவன் எழுப்பிய கட்டடமாகவா அது தெரிகிறது?

அடுத்தது, கடவுள் என்ற கட்டம். வரலாற்றுப் பிழையைவிட ஆழமாகப் புண்படுத்துவது இது.

மூன்று மதத்துக்கும் மூன்று கடவுள் என்று பிரித்துப் போட்டவர், மூன்றில் எந்த மதத்தின் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. மூவருமே ஆபிரகாமை அழைத்த ஒரே இறைவனை வணங்குவதாகத்தான் சொல்கிறார்கள். யூதரும் முஸ்லிமும் அந்த இறைவனுக்கு உருவம் கூடாது, இணை கூடாது என்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கிறிஸ்தவரும் கடவுள் ஒருவரே என்றுதான் அறிக்கையிடுகிறார்கள். அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி எனத் திரித்துவமாக இருக்கிறார் என்பதும், மகன் இயேசுவில் மனிதரானார் என்பதும் அவர்கள் விசுவாசம். மகனும் தந்தையோடு ஒரே இயல்புடைய கடவுள் என்பதைத்தான் 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வாதாடி வகுத்தார்கள். அரபு மொழி பேசும் கிறிஸ்தவர் தம் பைபிளைத் திறந்தால் அங்கேயும் இறைவனுக்கு அல்லாஹ் என்ற பெயர்தான் இருக்கும். நம்மூர் ஆடியோக்களில் 'அல்லா என்பது நிலாக் கடவுள்' என்று பேசித் திரிகிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

அதற்காக மூன்றும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று எழுதித் திருத்திவிட முடியாது. அதுவும் பொய். இயேசு யார் என்ற கேள்வியிலேயே மூன்று வழிகளும் பிரிகின்றன. யூதருக்கு மேசியா இனிமேல்தான் வர வேண்டும். கிறிஸ்தவருக்கு வந்தவரே மேசியா. சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்த இறைமகன். முஸ்லிமுக்கு ஈசா நபி கன்னியிடம் பிறந்தவர், மஸீஹ் என்ற பட்டம் உடையவர், மறுபடி வரப்போகிறவர். ஆனால் கடவுளின் மகன் அல்லர், சிலுவையில் இறக்கவுமில்லை. இது சின்ன வித்தியாசமா? உயிரைக் கொடுத்துக் காத்த நம்பிக்கைகள் இவை. வித்தியாசத்தை மறைப்பதும் ஒருவகையில் அவமரியாதைதான்.

உறவையும் மறைக்கக் கூடாது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம். 114 அத்தியாயங்களில் 19-ஆவது அத்தியாயம் அவர் பெயரிலேயே இருக்கிறது. மகிமை மாதாவுக்குத் தேர் இழுக்கும் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல செய்தி எது? ஆரம்பக் காலத்தில் முஸ்லிம்கள் எருசலேமை நோக்கியே தொழுதார்கள். பிறகுதான் கஅபாவை நோக்கித் திரும்பினார்கள். மோசேயின் மக்கள் தப்பித்ததை நினைத்து மதீனா யூதர்கள் நோன்பிருந்ததைக் கண்டு நபிகளும் ஆஷூரா நோன்பு நோற்றதாக ஹதீஸ்கள் சொல்கின்றன. பக்ரீத் நினைவுகூரும் பலி, யூதரும் கிறிஸ்தவரும் படிக்கும் அதே ஆபிரகாமின் பலி; பலிக்கு நடத்திச் செல்லப்பட்ட மகன் ஈசாக்கு என்று பைபிள் சொல்லும், இஸ்மவேல் என்று பெரும்பாலான முஸ்லிம்கள் சொல்வார்கள். இப்படி எழுதினால் பிள்ளைக்கு விளங்கும். ஆபிரகாமின் பெயர்கூட இல்லாமல் இந்த மூன்று மதங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதை என்னவென்று சொல்வது?

நிறுவியவர் கட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூதர் தம் கதையை மோசேயோடு தொடங்குவதில்லை, ஆபிரகாமோடு இறைவன் செய்த உடன்படிக்கையோடு தொடங்குகிறார்கள். இயேசு யூதராகப் பிறந்து, ஜெபக்கூடத்தில் படித்து, பாஸ்கா கொண்டாடி, யூதராகவே இறந்தவர்; அவர் சீடர்களுக்குக் கிறிஸ்தவர் என்ற பெயர் பிறகு அந்தியோக்கியாவில்தான் வந்தது. முஸ்லிம்களோ 610-ல் வெளிப்பாடு பெற்ற நபிகளை மதத்தை நிறுவியவர் என்று சொல்லவே மாட்டார்கள். ஆதம் முதல் வந்த தூதர் வரிசையில் இறுதித் தூதர் அவர். வரலாற்று ஆசிரியர் வேறு விதமாக எழுதலாம். அப்படி எழுதும்போது அந்த மக்களே என்ன சொல்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

தடித்த எழுத்தில் போட்ட குறிப்பு மன்னிக்க முடியாதது. இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை விதித்தவன் ரோமானிய ஆளுநன் பொந்தியு பிலாத்து. நிறைவேற்றியவர்கள் ரோமானியப் படைவீரர்கள். அன்று எதிர்த்து நின்ற சிலருக்காக யூத இனம் முழுவதையும், அன்றும் இன்றும், குற்றவாளியாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் அறிக்கை வெளியிட்டது. இந்த ஒற்றைப் பழியைச் சொல்லியே ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக யூதர்களை விரட்டினார்கள், கொன்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபையே கைவிட்ட பழியைப் பொன்னேரிப் பிள்ளை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? பங்குகளில் பாஸ்கா நாடகம் போடுகிறவர்களும் தங்கள் வசனங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். காஸாவில் நடப்பதற்காக இஸ்ரேல் அரசைக் கண்டிப்பவர்கள் கண்டிக்கட்டும். அந்தக் கோபத்தை யூத மதத்தின் மேல் ஏற்றி மேடையில் பேசுவதும் இதே தவறுதான்.

தகவல் கிடைக்கவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. நபிகளின் வாழ்வை உமறுப்புலவர் சீறாப்புராணமாகப் பாடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. வீரமாமுனிவரின் தேம்பாவணி 18-ஆம் நூற்றாண்டு நூல். பழவேற்காட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. டச்சுக் குடியிருப்பில் 1632 முதல் 1642 வரை போதகராக இருந்த ஆப்ரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1651-ல் லெய்டனில் அச்சான அந்த நூல்தான் பர்த்ருஹரியின் பாடல்களை முதன்முதலாக ஐரோப்பிய மொழிக்குக் கொண்டுபோனது. நூலின் தலைப்பில் போதகரின் மத மேட்டிமை இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் அடுத்தவர் நம்பிக்கையைப் பற்றி எழுதுமுன் அந்த நம்பிக்கை உள்ளவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. மொழி தெரியாத ஊரில், கடல் தாண்டி வந்தவர் செய்தார். பக்கத்துத் தெரு ஆலிமையும் பங்குத் தந்தையையும் கேட்க நம் கையேட்டு ஆசிரியருக்கு நேரமில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான். கையேட்டை வெளியிட்டவர் கடைகளில் உள்ள பிரதிகளை உடனே திரும்பப் பெற வேண்டும். விற்றுப்போன பிரதிகளுக்குத் திருத்தப்பட்ட பக்கத்தை இலவசமாக அச்சிட்டு, வாங்கிய கடையிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். அந்தத் திருத்தத்தை அச்சுக்கு அனுப்புமுன் மூன்று சமயங்களையும் அறிந்தவர்களிடமும் ஒரு வரலாற்று ஆசிரியரிடமும் காட்ட வேண்டும். வகுப்பில் இதை எழுதிப்போட்ட ஆசிரியர்கள் அதே வகுப்பில், அதே கரும்பலகையில் தவற்றைச் சொல்லித் திருத்த வேண்டும். வார இறுதியில் பழவேற்காட்டுக்கு வரும் பயணிகளுக்கு இதே கதைகளைச் சொல்லும் வழிகாட்டிகளும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் பையில் இந்தக் கையேடு இருந்தால் அந்தப் பக்கத்தைப் படிக்க வைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் அனுமதி கேட்டு உள்ளே போய், அங்கே இருப்பவர்களிடமே இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.