ஊர் பார்க்கப் போகும் பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள்?

ஜெர்மனியில் வகுப்போடு வெளியூர் போக ஒரு பிள்ளைக்குக் காசு இல்லை என்றால், அந்தக் காசை அரசு கட்டுகிறது. மனமிரங்கி யாரோ கொடுக்கும் உதவியாக இல்லாமல், சட்டமாகவே இதை அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். 2011-ல் விரிவுபடுத்தப்பட்ட ‘கல்வி, பங்கேற்பு’ உதவித் திட்டத்தின்படி, அரசின் வாழ்வாதாரத் தொகையை நம்பியிருக்கும் குடும்பத்துப் பிள்ளை பல நாள் பள்ளிப் பயணம் போனால், அதற்கு ஆகும் உண்மையான செலவை அரசு ஏற்கிறது. ஊரைவிட்டு வெளியே போய், வேறோர் இடத்தில் தங்கி, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துப் படிப்பதும் பள்ளிக் கல்வியின் பகுதிதான் என்ற முடிவு இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் சட்டம் பணம் கட்ட வேண்டுமானால், முப்பது நாற்பது பிள்ளைகளைச் சோறு போட்டுப் படுக்கவைக்கும் ஓர் இடம் முதலில் இருக்க வேண்டும். அந்த இடத்தை ஜெர்மனி நூறாண்டுகளுக்கு மேலாகக் கட்டிவந்திருக்கிறது. மலிவான படுக்கை என்பது சுற்றுலா வணிகத்தின் கடைசித் தரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பள்ளிக்கூடத்தின் நீட்சி என்று புரிந்துகொண்டால், தமிழ்நாட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் புரிந்துவிடும்.

இந்த எண்ணம் எந்த அமைச்சகத்திலும் பிறக்கவில்லை. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் நிலக்கரிச் சுரங்க ஊரான கெல்சென்கிர்ஹனில் வேலைபார்த்துவிட்டு, 1903-ல் ஆல்டெனாவுக்கு வந்தார். லென்ன ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில், கம்பி இழுக்கும் தொழிலால் பிழைத்த ஊர் அது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காடும் ஆறும் பாடப்புத்தகத்துப் படங்களாகவே நின்றுவிடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். வகுப்பையே நடைப்பயணமாகக் கூட்டிக்கொண்டு போவார். 1909 ஆகஸ்ட் 26 அன்று, ஆல்டெனாவிலிருந்து ஆஹன் நகரை நோக்கிப் பிள்ளைகளோடு பல நாள் நடைப்பயணமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ப்ரோல் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒதுங்கக் கிடைத்தது ஒரு கிராமப் பள்ளிக்கூடம். வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் தூங்கினார்கள், ஆசிரியர் தூங்கவில்லை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு பள்ளியைத் தங்குமிடமாகத் திறந்துவிட்டால் நாடு முழுவதையும் பிள்ளைகள் நடந்தே பார்த்துவிடலாமே என்று அந்த இரவில் அவர் கணக்குப் போட்டார். அவர் கேட்டது பூட்டிய கதவின் சாவியைத்தான். புதுக் கட்டடம் எதையும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு நாளிதழில் அந்த யோசனையை எழுதினார். 1912-ல் ஆல்டெனா மலைமேல் இருக்கும் பழைய கோட்டையில் நிரந்தர விடுதி உருவானது. உலகின் முதல் இளைஞர் விடுதி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைய படுக்கை அறை இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது: கல் சுவர்கள், கனத்த மரத்தில் அடுக்கிக் கட்டிய கட்டில்கள். சொகுசு என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. வில்ஹெல்ம் முங்கர் என்ற தொழிலதிபர் தோள் கொடுக்க, 1919-ல் ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்கம் உருவானது. அது எப்படிப்பட்ட காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. போரில் தோற்ற நாடு; 1923-ல் ஒரு ரொட்டியின் விலை கோடிகளைத் தாண்டி ஏறிய நாடு; பிறகு வேலையில்லாத் திண்டாட்டம். அதே ஆண்டுகளில்தான் விடுதிகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. உள்ளாட்சிகள் பழைய கட்டடங்களைக் கொடுத்தன, ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் நிர்வாகம் பார்த்தார்கள், உறுப்பினர்கள் சிறு தொகை கட்டினார்கள். “ஜெர்மனி பணக்கார நாடு, அவர்களுக்கு முடியும்” என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். பணம் வந்த பிறகு கட்டிய அமைப்பு என்றால் நாம் காத்திருக்கலாம். ஆனால் இது கையில் காசில்லாத காலத்தில் கட்டியது.

இன்று அந்தச் சங்கம் ஏறக்குறைய 400 விடுதிகளை நடத்துகிறது. லாபம் பிரித்துக்கொள்ளாத பதிவுபெற்ற சங்கம் அது. தங்க வேண்டுமானால் சிறு ஆண்டுக் கட்டணத்தில் உறுப்பினராக வேண்டும். ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாஹராஹ் என்ற சிற்றூரின் மேலே நிற்கும் ஷ்டாலெக் கோட்டை ஓர் இளைஞர் விடுதி. நியூரம்பர்க் கோட்டையின் பழைய குதிரை லாயமும் தானியக் கிடங்குமாக இருந்த கட்டடம் இன்னொன்று. ஆற்றைப் பார்த்த சன்னல் என்றால் பணக்காரர்களுக்கு, கக்கூஸ் பக்கத்து அறை என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ற கணக்கு அங்கே இல்லை. அங்கே கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்றும் உண்டு. வருகிறவர் தன் படுக்கை விரிப்பைத் தானே விரித்துக்கொள்ள வேண்டும். புறப்படும்போது உருவித் துணிக்கூடையில் போட வேண்டும். சாப்பிட்டு முடித்தால் தட்டைத் தானே எடுத்துப்போய் வைத்து, மேசையைத் துடைத்துவிட வேண்டும். மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் மருத்துவமனையில் தரை துடைப்பவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே ஈரத் துணியால் ஒரே மேசையைத் துடைக்கிறார்கள். இதனால் செலவு குறைகிறது. அதைவிட, எந்தப் பாடப்புத்தகத்தாலும் தர முடியாத ஒரு பாடம் கிடைக்கிறது.

இப்போது நம் கல்விச் சுற்றுலாக்களைப் பார்ப்போம். இரவு பத்து மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் புறப்படும். பிள்ளைகள் இருக்கையில் சாய்ந்தும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தும் தூங்குவார்கள். விடியற்காலையில் ஏதோ ஒரு மண்டபத்திலோ கட்டணக் கழிப்பிடத்திலோ வரிசையில் நின்று குளித்து, ஒரே பகலில் நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி இரவெல்லாம் பஸ். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு மணி நேரம், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு முக்கால் மணி நேரம். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தங்குவதற்கு ஆகும் செலவு பயணச் செலவையே விழுங்கிவிடும் என்பதால், இரவை நெடுஞ்சாலையில் கழிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. தூங்காத ஓட்டுநர், தூங்காத பிள்ளைகள், கண்ணில் படாமலே போகும் சிற்பங்கள். படுக்கை இல்லாத குறை கல்வியின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. மாலை வெயில் சாயும்போது கோபுரத்தின் நிழல் எப்படி விழுகிறது என்று பார்க்கவும், பார்த்ததை ராத்திரி உட்கார்ந்து நோட்டில் எழுதவும், மறுநாள் காலையில் மறுபடி போய்ச் சந்தேகம் கேட்கவும் ஓர் இரவு அங்கேயே தங்கியாக வேண்டும்.

தங்கவைப்பது நமக்குத் தெரியாத கலையும் இல்லை. அம்பலம், சாவடி, மடம், சத்திரம் என்று நம் மொழி அதற்கு எத்தனையோ சொற்களை வைத்திருக்கிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் இன்னும் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-ல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம், வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் தந்ததோடு மாணவர்களுக்குக் கல்வியும் தந்தது. படுக்கையையும் படிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் யோசனை ஷிர்மானுக்கு நூறாண்டு முன்பே காவிரிப் படுகையில் இருந்திருக்கிறது. ஆனாலும் பழம்பெருமை பேசி இங்கே நின்றுவிட முடியாது. பல சத்திரங்களில் சாதிக்கு ஒரு பந்தி, சாதிக்கு ஒரு சமையல் நடந்தது. இன்ன சமூகத்தார் மட்டும் தங்கலாம் என்று கட்டியவையும் நிறைய உண்டு. பின்னாளில் பல இடிந்தன, பல கடைகளாயின. சத்திரத்தை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. கூரை, சோறு, கல்வி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, பந்தியைப் பிரித்த சுவரை இடித்துவிட்டுக் கட்ட வேண்டியது புதிய சத்திரம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, “அரசுக்கு எதற்கு லாட்ஜ் நடத்தும் வேலை? செல்போனில் தட்டினால் மலிவான அறை கிடைக்கிறதே” என்பது. கிடைக்கிறது, அறைக் கணக்கில். தலைக்கு ஒரு படுக்கை என்ற கணக்கில் நாற்பது பிள்ளைகளையும் நான்கு ஆசிரியர்களையும் வைத்துச் சோறும் போட்டு, மாலையில் உட்கார்ந்து பேச ஒரு கூடத்தையும் தரும் லாட்ஜ்கள் அரிது. சந்தையில் விலை கூட்டத்தைப் பார்த்து ஏறும். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதத்தில்தான் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை வாடகை உச்சத்தில் நிற்கும். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஆண்டிஸ் மலைத்தொடரில் பெரு நாட்டின் உருபம்பா பள்ளத்தாக்கு ஊர்களிலும் குடும்பங்கள் நடத்தும் எளிய விடுதிகள் ஏராளம். மச்சு பிச்சுவைப் பார்க்க உலகமே அந்த வழியாகப் போகிறது. முதுகுப்பையோடு வரும் வெளிநாட்டு இளைஞருக்கு மலிவாகத் தெரியும் வாடகை, அதே மலையின் ஏழைப் பள்ளிப் பிள்ளைக்கு மலிவாகிவிடாது. மலிவு என்பது யாருடைய பையைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு நாட்டின் பிள்ளைகளுடைய பையைக் கொண்டு அளக்கும் வேலையைச் சந்தை தானாகச் செய்யாது.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு. பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்துக்குக் காரணம் இரவு தங்குவதா, தங்கும் இடத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று தெரியாததா? ஜெர்மன் விடுதிகளில் நீண்ட காலமாக ஒரு தம்பதி அங்கேயே குடியிருந்து நிர்வாகம் பார்த்தார்கள்; ‘விடுதித் தந்தை’, ‘விடுதித் தாய்’ என்றே அவர்களுக்குப் பெயர். பெயர் தெரிந்த, ஊர் அறிந்த, கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் வாசலில் இருக்கிறார் என்பதுதான் அங்கே பாதுகாப்பின் அடித்தளம். நம்மிடமும் ஆண், பெண் தனித்தனிக் கட்டடம், பெண் வார்டன், வருகைப் பதிவேடு எல்லாம் மாணவர் விடுதிகளில் பழகிய ஏற்பாடுகளே. தனியாக வரும் பெண்ணை லாட்ஜ் வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஊர்களில், நம்பி உள்ளே வரச்சொல்லும் ஒரு பொதுக் கதவு பெண்களுக்குத்தான் முதலில் தேவை.

மூன்றாவது மறுப்பு கனமானது. ஜெர்மனியிலேயே இரண்டாயிரம் விடுதிகள் 400 ஆகச் சுருங்கிவிட்டன. ஒரு படுக்கைக்குக் காலை உணவுடன் முப்பது, நாற்பது யூரோ வரை ஆகிறது. பெருந்தொற்றுக் காலம் பலத்த அடி கொடுத்தது. இது தேய்ந்துவரும் அமைப்பு இல்லையா? எண்ணிக்கை குறைந்தது உண்மை. விலை ஏறியதும் உண்மை. நடந்து போகும் காலத்தில் ஒரு நாள் நடைக்கு ஒரு விடுதி தேவைப்பட்டது. ரயிலும் பஸ்ஸும் வந்த பிறகு அந்த நெருக்கம் தேவைப்படவில்லை. சிறிய விடுதிகள் மூடப்பட்டன. விலை ஏறியபோது, ஏழைப் பிள்ளை வெளியே நின்றுவிடாதபடி சட்டம் வந்து கை கொடுத்தது. கட்டடமும் சட்டமும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். கட்டடத்தை மட்டும் கட்டினால் காலப்போக்கில் அது வசதியுள்ளவருக்குப் போய்விடும். உதவித்தொகையை மட்டும் அறிவித்தால் அதைச் செலவழிக்க இடம் இருக்காது.

இன்னொரு பாடம் கசப்பானது. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் விடுதிகள் ஹிட்லர் இளைஞர் படையின் பிடிக்குள் போயின. யூதப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. தான் உருவாக்கிய இயக்கத்தின் தலைமையிலிருந்து ஷிர்மானே ஓரங்கட்டப்பட்டார். எல்லாருக்கும் என்று திறந்த ஒரு வாசலை அதிகாரம் நினைத்தால் எத்தனை சுலபமாகச் சிலருக்கென்று மாற்றிவிடலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாதிப் பந்தி நடத்திய மண்ணில் வாழும் நாம் இதை இரண்டு மடங்கு கவனத்தோடு படிக்க வேண்டும். யாரும் சாதி, மதம், ஊர் சொல்லித் திருப்பி அனுப்பப்படக் கூடாது என்பது நாம் தொடங்கும் விடுதிச் சங்கத்தின் முதல் விதியாகவும், மீறினால் தண்டனைக்குரியதாகவும் இருக்க வேண்டும். ஒரே சமையல், ஒரே மேசை, அவரவர் துடைக்கும் ஒரே ஈரத் துணி என்ற ஏற்பாட்டில் சமரசம் கூடாது.

செய்யத் தொடங்குவது கடினமில்லை. தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு மாணவர் விடுதிகள் இருக்கின்றன. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் அவற்றில் பெரும்பாலானவை வெறிச்சோடிக் கிடக்கின்றன. அவற்றின் கழிப்பறைகளையும் கூரைகளையும் முதலில் சரிசெய்ய வேண்டும். அங்கே ஆண்டு முழுக்கத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே நாம் பட்டிருக்கும் கடன். பிறகு மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி, உதகை போன்ற பத்து ஊர்களில் விடுமுறைக் காலத்தில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அவற்றைத் திறக்கலாம். பள்ளி நடக்கும் மாதங்களுக்கு நிரந்தர இடம் வேண்டும். மூடிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களும் பழைய சத்திரங்களும் அதற்கு இருக்கின்றன. மத்திய அரசின் இளைஞர் விடுதிகள் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றையும் இந்த வலைக்குள் கொண்டுவர வேண்டும். நிர்வாகத்தை லாபநோக்கற்ற ஒரு சங்கத்திடம், ஆசிரியர்களும் பெற்றோரும் இடம்பெறும் குழுவிடம் கொடுக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவரும் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் இரண்டு முறையாவது வெளியூரில் தங்கிப் படித்திருக்க வேண்டும் என்று விதி எழுதி, செலவை அரசு ஏற்க வேண்டும். 2023-ல் கீழடி அருங்காட்சியகத்தை நாம் திறந்தோம், சரியான காரியம். ஆனால் கூடலூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ அதைப் பார்க்கப் புறப்படும் பிள்ளை அன்று இரவு எங்கே தூங்கும் என்ற கேள்விக்கு, தெருப் பெயரோடும் கதவு எண்ணோடும் பதில் சொல்ல முடிகிற நாளில்தான் அந்த அருங்காட்சியகம் அந்தப் பிள்ளைக்கும் திறந்ததாகப் பொருள்.