வேனுக்கு அழகு பார்ப்பதற்கு முதல் அதன் கீழே குனிந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வேன் வைத்திருக்கும் நானாமார், தம்பிமார், வேனில் பிள்ளை அனுப்பும் பெற்றோர் எல்லாரும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கொமென்டில் திட்டலாம். வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாங்கள் காலையிலும் பகலிலும் பாடசாலை கேட்டில் நிற்கும் ஆசிரியர்கள். எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும் சின்ன வேன்களில் பல, சாமான் ஏற்றுவதற்காக ஜப்பானில் செய்யப்பட்டவை. விடியற்காலை பேக்கரிச் சாமான், ஏழு மணிக்குப் பிள்ளைகள், பகலுக்குப் பிறகு சந்தைக்கு உடுப்பு மூட்டை. ஒரு வேனை வைத்து ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. அந்த உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் குற்றச்சாட்டு ஒன்றுதான். ஊரில் வேனுக்குச் செய்கிற செலவின் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதல் காசு அலோய் வீலுக்கு. அடுத்தது சவுண்ட் செட்டுக்கு. பிறகு எல்ஈடி லைட், டின்ட், ஸ்டிக்கர். பிரேக் லைனருக்கு வரும்போது, "அடுத்த மாசம் பார்ப்பம்."

சரி, கணக்கு பார்ப்போம். கணக்குப் பாடம் எடுக்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள்.

எவ்ரி, ஹைஜெட், மினிகெப், கிளிப்பர் என்று நாம் பெயர் சொல்லும் இந்த வேன்களை ஜப்பானில் 'கெய்' வாகனம் என்பார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சீசீ. இதற்கு மேல் போக முடியாது. இந்த வகையில் சாமான் ஏற்றக்கூடிய உச்ச அளவு 350 கிலோ. பின்னால் 12 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்குப் புத்தகப் பையோடு 35 கிலோ என்று வையுங்கள். 420 கிலோ வருகிறது. சாமானுக்குச் சொல்லப்பட்ட எல்லையையே 70 கிலோ தாண்டிவிட்டோம். அரிசி மூட்டை பிரேக் போட்டால் முன்னால் சரியும், அவ்வளவுதான். பலகை வாங்கில் இருக்கும் பிள்ளை எங்கே போய் அடிபடும்?

இந்தப் பாரத்தைத் தாங்குவது நான்கு டயர். சரக்கு வேனோடு வருகிற டயர் பாரம் தாங்குகிற வகை. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஓர் இலக்கம் இருக்கும். 80 என்றால் அந்த டயர் 450 கிலோ தாங்கும். 74 என்றால் 375 கிலோ. வடிவான வீலுக்குப் பொருந்துகிறது என்று கார் டயரைப் போட்டால் ஒரு சக்கரத்துக்கு 75 கிலோ, நான்குக்கும் 300 கிலோ தாங்கும் சக்தியைக் கழற்றி வீசிவிட்டு ஓடுகிறீர்கள். பார்க்கிறவருக்கு வேன் புதுசு மாதிரித் தெரியும். டயருக்கு உண்மை தெரியும்.

அதே டயரில் 'டொட்' என்ற எழுத்துகள் தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. "பட்டன் நல்லா இருக்கு" என்று சொல்லி வயது போன டயரைக் குறைந்த விலைக்குத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நான்கு இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் அதுவே வாசித்துச் சொல்லும்.

அடுத்தது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்தால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கண்டியில் உடுப்பு ஏற்றிக்கொண்டு மஹியங்கனைப் பக்கம் 18 வளைவில் இறங்குகிறவர் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் என்ன நடக்கும்? பிரேக் சூடேறும், ஒயில் கொதித்து ஆவியாகும், மிதித்த கால் தரை வரை போகும். வேன் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயில் மாற்றுவதற்கு ஆகும் செலவு, நீங்கள் பின்னால் பூட்டிய சத்தப்பெட்டியின் விலைக்குக் கிட்டவும் வராது.

ஸ்பிரிங் வெட்டி வேனைப் பதிக்கிற தம்பிமாருக்கும், பாரம் ஏற்றவென்று மேலதிகத் தகடு போட்டு உயர்த்துகிற நானாமாருக்கும் ஒரு விசயம். பல சரக்கு வேன்களில், பின்பக்கம் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற ஒரு வால்வு இருக்கிறது. தகடு போட்டு உயர்த்தினால், பாரம் இருந்தும் வேன் வெறுமையாக ஓடுகிறது என்று அது நினைக்கும். பின் பிரேக் குறையும். ஆகவே ஸ்பிரிங்கில் கை வைத்தால் அந்த வால்வையும் சரிபார்க்கச் சொல்லி பாஸிடம் கேளுங்கள். "அது தேவையில்ல" என்று சொல்கிற பாஸிடம் வேனைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. பின் கதவு ரப்பர் தேய்ந்திருந்தாலோ, நீளமான சாமானுக்காகக் கதவைத் திறந்து கட்டிக்கொண்டு ஓடினாலோ, சைலன்சர் புகை உள்ளே இழுபடும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதல் பாடத்திலேயே தலையிடி என்று மேசையில் கவிழும் பிள்ளை எந்த வேனில் வருகிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். காய்ச்சல் மருந்து கொடுக்கும் முன் சைலன்சர் ஓட்டையையும் பாருங்கள்.

இப்போது நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எங்களுக்குத் தெரியும்.

"வருசாவருசம் லைசன்ஸ் எடுக்கிறம், எமிஷன் டெஸ்ட் பாஸ்." எமிஷன் டெஸ்ட் புகையைப் பார்க்கும். பிரேக்கையோ டயரின் வயதையோ பார்க்காது. அந்தத் தாள் வேன் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று இல்லை.

"டுவல் பர்பஸ் என்டுதான் பதிஞ்சிருக்கு, ஆளும் ஏத்தலாம்." ஏற்றலாம். எத்தனை ஆள் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அதையும் வாசியுங்கள்.

"இது என்ட வேன், நான் எப்பிடியும் செய்வன்." வேன் உங்களுடையது. உள்ளே இருக்கும் பிள்ளை உங்களுடையது இல்லை. அது அமானிதம்.

"கிளீன் ஸ்ரீ லங்கா என்டு பொலிஸ் எல்லாத்தையும் கழட்டச் சொல்லுது, இப்ப நீங்களுமா?" 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது. கண்ணாடியில் தொங்குகிற மாலையைக் கழற்றியதால் எந்த பிரேக் சரியானது? அதிகாரிகளிடமும் கேட்கிறோம்: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்க்காமல், பிள்ளை ஏற்றும் வேனின் பிரேக்கையும் டயரையும் இருக்கைப் பூட்டையும் தவணைக்கு ஒருமுறை சோதிக்க ஓர் ஒழுங்கு செய்யுங்கள்.

"சாமான் விலை தெரியுமா சேர்?" தெரியும். இந்தப் பதில் மட்டும் நியாயமானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து வருடம் பழைய வேனையே இழுத்துக்கொண்டு ஓடியவர்களின் கஷ்டம் பொய் இல்லை. ஆனால் காசு குறைவு என்பதுதான் வரிசையைச் சரியாக்குவதற்கான முதல் காரணம். காசு நிறைய இருப்பவன் இரண்டையும் செய்யலாம். குறைய இருப்பவன் பிரேக்கைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

பெற்றோரே, இந்த இடத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. லீவு மாதத்துக்கு அரைக் காசும் தர மாட்டோம் என்கிறீர்கள். 500 ரூபா குறைவு என்று கேட்டால் வேனை மாற்றுகிறீர்கள். அந்த 500 எங்கிருந்து குறைந்தது என்று கேட்பதில்லை. இன்னும் இரண்டு பிள்ளையை நெருக்கி ஏற்றியதிலிருந்து குறைந்தது. மாற்றாமல் விட்ட டயரிலிருந்து குறைந்தது.

வேனை மாற்றிச் செய்வதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல மாற்றங்கள் இருக்கின்றன. சாமான் வேனுக்கு ஓட்டுநருக்குப் பின்னால் பலமான தடுப்புக் கம்பி, தரையில் வழுக்காத பலகை, மூட்டை கட்ட உறுதியான வளையம். பிள்ளை வேனுக்குச் சட்டகத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய இருக்கை, பட்டி, தீயணைப்புக் கருவி. மேலதிக லைட் போடுவதென்றால் ரிலேயும் பியூஸும் வைத்து வயர் இழுங்கள். ஹலஜன் லைட்டுக்குள் எல்ஈடி பல்ப் செருகி எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்காதீர்கள். எஞ்சின் உங்கள் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள். ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், சின்ன எஞ்சின் கொள்வதே மூன்று லீற்றர் அளவுதான்.

இதையெல்லாம் செய்த பிறகு மிச்சக் காசில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நாங்களே வந்து போட்டோ எடுத்துப் போடுகிறோம்.

ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் மூன்று விசயம் கேட்கிறோம். ஒன்று, பிள்ளை ஏற்றும் வேன்களின் பெயர்ப் பட்டியல், எத்தனை பிள்ளை என்ற எண்ணிக்கையோடு. இரண்டு, தவணை தொடங்கும் வாரத்தில் ஊரிலுள்ள நம்பிக்கையான பாஸ் ஒருவரை வைத்து டயர், பிரேக், கதவு, இருக்கை நான்கையும் பார்ப்பது. மூன்று, பெற்றோரும் வேன்காரரும் ஒன்றாக இருந்து நியாயமான கட்டணத்தை முடிவு செய்வது. லீவு மாதக் காசும் அதில் அடங்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் இதை எழுப்புவோம். வேன்காரர்களும் வாருங்கள். உங்கள் பக்கத்தையும் அங்கே சொல்லுங்கள்.

உங்கள் ஊர் வட்ஸ்அப் குரூப்பில் பகிருங்கள். அதற்கு முதல், வீட்டு வாசலில் நிற்கும் வேனின் டயரில் அந்த நான்கு இலக்கத்தை வாசித்துவிட்டு வந்து கீழே எழுதுங்கள்.