கூழாங்கல்: அப்பா வேணுமா, அம்மா வேணுமா?

மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் கூட்டிவரக் கிளம்பும் கணபதி, முதலில் போவது மகன் வேலு படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு. வகுப்பில் இருக்கும் பையனை வெளியே இழுத்துவந்து, உனக்கு அப்பாவைப் பிடிக்குமா, அம்மாவைப் பிடிக்குமா என்று கேட்கிறான். பையன் வாயே திறப்பதில்லை.

இப்படித் தொடங்குகிறது பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’. மொத்தமே 75 நிமிடம்தான். 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கி, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படம். கணவன் விரட்டிவிட்ட தன் சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வீடு வந்ததுதான் கதைக்கு விதை என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். படத்தில் அந்த வெயில் நடையை ஆம்பளைக்குக் கொடுத்துவிட்டார். நல்ல பழிவாங்கல்!

மாமியார் வீட்டில் அடிதடி. பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் மதுரைப் பக்கத்துப் பொட்டல்காட்டில், அப்பன் முன்னே, மகன் பின்னே. உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிடித்து அப்பாவின் முதுகில் அடிக்கிறான் வேலு. அடி வாங்கி வளரும் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க வேறென்ன இருக்கிறது? தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்குப் போனதும் அதை வைக்குமிடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கல். இந்த நடை அவனுக்கு முதல் தடவை இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. வசனம் வைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இது கோர்ட் வாசலை மிதிக்காத பிரிவு. மிதித்தாலும் அதே கேள்விதான் காத்திருக்கிறது. ராயபுரத்திலிருந்து கிளம்பினால் பாரிமுனை எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கே ஐகோர்ட் வளாகத்துக்குள் குடும்பநல நீதிமன்றம். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்கிறது 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் முந்தின நாள் ராத்திரி வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருகிறார்கள் என்பதைச் சட்டம் பார்க்க முடியாது.

இரானின் ‘எ செபரேஷன்’ (2011) இந்த இடத்தில்தான் போய் முடியும். யாரோடு இருக்கப்போகிறாய் என்று 11 வயது மகளிடம் நீதிபதி கேட்பார். அப்பாவும் அம்மாவும் வெளியே வராந்தாவில், ஆளுக்கொரு பக்கம். அவள் சொன்ன பதிலை அஸ்கர் பர்ஹாதி நமக்குக் கேட்கவிடுவதில்லை. அந்தப் படம் ஆஸ்கரே வாங்கியது.

‘கூழாங்கல்’ 2023 அக்டோபரில் சோனி லிவ்வில் வந்தது. போனில் பார்ப்பவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். காற்றும் காலடிச் சத்தமும்தான் பாதிப் படம். கணபதியின் வாயில் கெட்ட வார்த்தை சரளமாக வரும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கவனம். கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியில் தண்ணீர் அள்ளும் காட்சி ரொம்ப நேரம் ஓடும். ஓட்டிவிடாதீர்கள், படம் முழுக்கத் தேடப்படும் அம்மா போயிருப்பதும் தண்ணீருக்குத்தான்.