வெறும் வயலின்காரரா? எம்.எஸ்.வி - டி.கே.ஆர் சண்டைக்கு ஒரு நீண்ட த்ரெட்

1/ மூணு நாளா டைம்லைன்ல மறுபடியும் அதே சண்டை. "ட்யூன் எல்லாம் எம்.எஸ்.வி போட்டது, ராமமூர்த்தி வெறும் வயலின், வெறும் ஆர்க்கெஸ்ட்ரேஷன்." எதிர்ப்பக்கம்: "ராமமூர்த்தி போன பிறகு விஸ்வநாதன் கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு." ரெண்டுமே தப்பு. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2/ டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. அரைகுறை ஆதாரத்தை வச்சு முடிவுக்கு வர்றவங்ககிட்ட தினமும் மல்லுக்கட்டறதுதான் என் தொழில். இந்தச் சண்டையிலும் நடக்கறது அதேதான்.

3/ முதல்ல தகவல். இருவரும் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். ராமமூர்த்தி வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். 1952-ல் சுப்பராமன் மறைந்தார். அதே வருடம் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருந்து 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்று ஒரே பெயராக ஆனார்கள். 1965, 'ஆயிரத்தில் ஒருவன்' வரை. பதிமூன்று வருடம்.

4/ அதற்குப் பிறகு தனித்தனிப் பாதை. எம்.எஸ்.வி பக்கம் படங்கள் குவிந்தன. டி.கே.ஆருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ரசிகர்களின் மொத்த வாதமும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது: "பிரிஞ்ச பிறகு யாருக்கு எத்தனை படம்னு பாருங்க, சேர்ந்திருந்தப்போ யார் வேலை பார்த்தாங்கன்னு தெரிஞ்சிடும்."

5/ தெரியாது சார். ஒருத்தர் தன் கிட்னி ஒன்றை அண்ணனுக்குத் தானம் கொடுக்கிறார். மீதி ஒரு கிட்னியோடு நன்றாகவே வாழ்கிறார். அதனால் எடுத்த கிட்னி சும்மா இருந்துச்சுன்னு எந்த டாக்டராவது சொல்வாரா? மிச்சம் இருக்கிற கிட்னி கொஞ்சம் பெருத்து, கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறது. அதற்கு முன்னால் ரெண்டும்தான் உழைத்தன.

6/ அப்புறம், படங்களின் எண்ணிக்கை அளக்கிறது திறமையை இல்லை, வாய்ப்பை. பெரிய ஹீரோ, பெரிய பேனர் யாரைக் கூப்பிட்டாங்க, யார் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினாங்க, யார் கூச்ச சுபாவம், இதெல்லாம் அந்த எண்ணுக்குள்ள இருக்கு. ஓ.பி-யில கூட்டம் அதிகம் இருக்கிற டாக்டர்தான் நல்லா நோய் கண்டுபிடிப்பார்னு நினைக்கிற மாதிரிதான் இது.

7/ டி.கே.ஆரிடம் ட்யூனே இல்லை என்பவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியவை: 'தேன் மழை', 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா?' (மூன்றும் 1966), 'நான்' (1967), 'தங்கச் சுரங்கம்' (1969). கேட்டுட்டு வந்து 'வெறும் வயலின்'னு டைப் பண்ணுங்க பார்க்கலாம்.

8/ டி.கே.ஆர் ரசிகர்களே, சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு. பிரிந்த பிறகு எம்.எஸ்.வி காலி என்றால் 'அன்பே வா' (1966) யாருடையது? 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973)? 'அபூர்வ ராகங்கள்' (1975)? 'நினைத்தாலே இனிக்கும்' (1979)? ஒருத்தருக்கு நியாயம் கேட்க இன்னொருத்தரைக் குழியில தள்ளணுமா?

9/ எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அந்த 'வெறும்' என்ற சொல்லில். பல்லவி முடிஞ்சு சரணம் வர்றதுக்குள்ள வயலின்கள் எங்கே எழும்பணும், குழல் எங்கே நுழையணும், எங்கே எல்லாரும் வாயை மூடிக்கிட்டு பாடகரை மட்டும் விடணும், இதை ஒருத்தர் யோசிச்சு எழுதித்தான் ஆகணும். 'புதிய பறவை', 'கர்ணன்' (இரண்டும் 1964) பாடல்களை முணுமுணுக்கும்போது நீங்க இடையிசையையும் சேர்த்துத்தான் முணுமுணுக்கிறீங்க. அது வெறுமா?

10/ எங்க தியேட்டரிலும் இதே கதை. ஆபரேஷன் நல்லா முடிஞ்சா சர்ஜனுக்கு மாலை. மயக்க மருந்து கொடுத்து, நாலு மணி நேரம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவர் பெயர் நோயாளிக்கே தெரியாது. 'வெறும் அனஸ்தீஷியா' என்று சொல்பவர் ஒரு தடவை அது இல்லாம மேஜையில படுத்துப் பார்க்கட்டும்.

11/ "பீட்டில்ஸ் ரசிகர்களும்தான் அம்பது வருஷமா லெனனா, மெக்கார்ட்னியான்னு அடிச்சுக்கறாங்க"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மைதான் தம்பி. ஆனா அவங்ககிட்ட ஆதாரம் இருக்கு. ஒலிப்பதிவு நாடாக்கள், பேட்டிகள், ஸ்டுடியோ குறிப்புகள். 1969-ல் எடுத்த காட்சிகளை வச்சு 2021-ல் 'கெட் பேக்' வந்தது, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். ஒரு பாட்டு யார் கையில எப்படிப் பிறக்குதுன்னு கண்ணால பார்க்கலாம்.

12/ நம்மகிட்ட? சேலத்தில் இருந்து எங்க ஏற்காட்டுக்கு ஏறும் ரோட்டில், அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி. இந்த ஜோடி இசையமைத்த 'பாசவலை' (1956) அவர்கள் தயாரிப்புதான். ஸ்டுடியோ போச்சு, வளைவு மட்டும் மிச்சம். மலைக்கு வர்றவங்க இறங்கி செல்ஃபி எடுத்துட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இவங்க பாட்டையே போட்டுக்கிட்டு ஏறுறாங்க. அந்த வளைவுக்குப் பின்னால யார் என்ன செஞ்சாங்கன்னு யாரும் கேட்கலை.

13/ உடல் இல்லாம போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எழுதறீங்க. அதுவும் ரெண்டு ரிப்போர்ட், ஒன்றுக்கொன்று எதிராக. நாளைக்கு யாரோ ஒரு பையன் உங்க ட்வீட்டை எடுத்து கட்டுரையில போடுவான். அடுத்தவன் அதைப் பார்த்து புத்தகத்துல போடுவான். 'வெறும் வயலின்காரர்' வரலாறாகிடும். அதனாலதான் இதை வேடிக்கைச் சண்டைன்னு விட முடியலை.

14/ டி.கே.ஆர் 2013-ல் போனார், எம்.எஸ்.வி 2015-ல். சண்டை போடுறவங்களுக்கு ஞாபகப்படுத்தறேன்: 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி ஒன்றாக இசையமைத்தார்கள். 2012-ல் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டத்தை ஒரே மேடையில் வாங்கினார்கள். அவங்களே சேர்ந்துட்டாங்க, நீங்க இன்னும் பாகப்பிரிவினை பண்ணிக்கிட்டு இருக்கீங்க.

15/ அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளில் வாசித்தவர்களில் இன்னும் இருப்பவர்களுக்கு எண்பது, தொண்ணூறு வயது. என் அனுபவத்தில் சொல்றேன், அந்த வயசுல ஞாபகம் ஒரே நாள்ல போறதில்லை. முதல்ல பெயர்கள் போகும், அப்புறம் வருஷங்கள். பாட்டு மட்டும் கடைசிவரை நிக்கும். நமக்கு இப்போ வேண்டியது அந்தப் பெயர்களும் வருஷங்களும்தான்.

16/ அதனால ஒரு வேலை சொல்றேன். உங்க ஊர்ல, உங்க தெருவுல பழைய ஆர்க்கெஸ்ட்ரா ஐயா யாராவது இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை போங்க. போனை முன்னால வைங்க. "எம்.எஸ்.வி பெருசா, டி.கே.ஆர் பெருசா"ன்னு கேட்காதீங்க. "அன்னைக்கு நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க, நோட்ஸ் யார் கொடுத்தாங்க, பக்கத்துல யார் வாசிச்சாங்க"ன்னு கேளுங்க. பதிவு பண்ணி ஏத்துங்க, நான் பகிர்றேன்.

17/ அதுவரைக்கும் டைட்டில் கார்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் ஆவணம். அதுல ரெண்டு பேர் இருக்கு. ஒண்ணை அழிக்க நம்ம யாருக்கும் உரிமை கிடையாது.