கண்டுபிடித்ததற்கும் கூலி கொடுங்கள்

அறவே ஸ்டார்ட் ஆகாத வண்டி எனக்குச் சுலபம். டெஸ்ட் லேம்பைக் கையில் எடுத்தால், சொன்ன டீ வருவதற்குள் கோளாறு அகப்பட்டுவிடும். காலையில் ஒரே செல்ப்பில் கிளம்பி, மதியம் கடைவீதியில் காலை வாரிவிட்டு, டோ வண்டி வந்து நிற்கும்போது சமர்த்தாகப் பிடித்துக்கொள்கிறதே, அந்தக் காரோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

நாமக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். தொழில் பழகியது 24 வோல்ட் லாரிகளில். கார் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. இப்படி விட்டு விட்டு மக்கர் செய்யும் கார்கள் என் கடைக்கு நேராக வருவதில்லை. இரண்டு மூன்று பட்டறை ஏறி இறங்கி, டிக்கியில் கழற்றிய பழைய சாமான்களோடுதான் வரும். பேட்டரி மாற்றியிருப்பார்கள், செல்ப் மோட்டார் மாற்றியிருப்பார்கள், சிலர் பெட்ரோல் பம்ப் வரை போயிருப்பார்கள். கோளாறு மட்டும் வந்தபடியே இருக்கும்.

இதற்கு மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், மாட்டியதற்குக் கூலி கொடுக்கிறோம், கண்டுபிடித்ததற்கு மட்டும் கொடுப்பதில்லை. கோளாறு கண்ணில் படும்வரை காத்திருக்கிறவனுக்கு நஷ்டமும், குத்துமதிப்பாக எதையாவது மாற்றிவிடுகிறவனுக்கு லாபமும் வருகிற ஏற்பாடு இது. இதை மாற்றாமல் நல்ல மெக்கானிக் கிடைக்கவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் காரைச் சொல்கிறேன். பழைய பெட்ரோல் வண்டி, எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. காலையில் கிளம்புவதில் ஒரு குறையும் இல்லை. ராசிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் காய் வாங்க நிறுத்தினால் போச்சு. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். முதல் பட்டறையில் பேட்டரி மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. அடுத்த பட்டறையில் செல்ப் மோட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஓடியது. நடுவில் கிளட்ச் இறுகிப்போனதென்று கிளட்ச் கேபிளையும் மாற்றியிருந்தார்கள். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல்.

“எல்லாமே புதுசு தம்பி, இன்னும் என்னதான் வேணும் இதுக்கு?” என்றார்.

“மாத்துனது போதுங்க சார். நிக்கிறப்போ ஹெட்லைட் போட்டுட்டு சாவியத் திருப்பிப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். பார்த்திருக்கிறார். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லையாம். பேட்டரி வலுவிழந்திருந்தால் சாவியைத் திருப்பியதும் லைட் மங்கி மஞ்சளாகும். வெளிச்சம் அப்படியே நின்று செல்ப் மட்டும் சுற்றவில்லை என்றால், பேட்டரியிலிருந்து செல்ப்புக்குப் போய்த் திரும்பும் பாதையில் எங்கோ அடைப்பு, அல்லது செல்ப்பிலேயே கோளாறு. ஒரு மீட்டரும் இல்லாமல், வீட்டு வாசலில் நின்றே பேட்டரியைச் சந்தேகப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியிருக்கலாம்.

கழற்றிய கிளட்ச் கேபிள் டிக்கியில் கிடந்தது. அதன் மேலுறை ஓரிடத்தில் உருகி உள்கம்பியோடு ஒட்டியிருந்தது. காலால் மிதித்து மிதித்துக் கேபிள் தேயும், அறுந்தும் போகும், உருகாது. உருகியிருந்தால் அதன் வழியே கரண்ட் போயிருக்கிறது. செல்ப் மோட்டார் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் இன்ஜின் உடம்பிலிருந்து எர்த் பட்டை வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். அந்தப் பட்டை சரியில்லையென்றால் கிடைத்த கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். கிளட்ச் கேபிள் தானாகப் பழுதாகவில்லை, எர்த் பட்டையின் வேலையைச் செய்து வெந்திருக்கிறது. அந்தப் பட்டறைக்காரர் கையில் தடயம் இருந்தது. தனிக் கோளாறு என்று நினைத்து அதற்கும் ஒரு பில் போட்டுவிட்டார்.

ஆனால் ஊகம் சரியென்று காட்ட வண்டி நிற்க வேண்டுமே. வேலூர் வரை (எங்கள் பரமத்தி வேலூர்தான்) ஓட்டிப் போய்த் திரும்பி, வெயிலில் நிறுத்தினோம். கிளம்பிவிட்டது. மறுபடி ஓட்டினோம். சாயங்காலமாகத்தான் ‘டக்’ வந்தது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கட்டையில் வைத்தேன், சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் அழுத்தினேன், சாரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நல்ல வண்டியில் அந்த இடத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 3 வோல்ட்டைத் தாண்டியது. கியர் பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் பட்டையின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையும் துருவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். மீட்டர் 0.1 காட்டியது. அதற்குப் பிறகு அந்த வண்டி நின்றதில்லை.

பேட்டரியும் செல்ப்பும் மாற்றியபோது சில நாள் ஓடியதே, அது எப்படி என்று கேட்பீர்கள். செல்ப்பைக் கழற்றி மாட்டும்போது பக்கத்துப் பட்டையும் அசையும், துரு கொஞ்சம் உரசி உதிரும், இரும்போடு இரும்பு படும். கொஞ்ச நாள் தாங்கும். மாற்றியவர் தன் கைவேலை பலித்தது என்று நம்புவார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அளக்காமல் வேலை செய்கிறவருக்கு, தான் சரிசெய்தோமா தானாகச் சரியானதா என்பது கடைசிவரை தெரியாது.

நான் கேட்டது 800 ரூபாய். “ஒரு போல்ட்டைக் கழட்டி மாட்டுனதுக்கா தம்பி?” என்றார். நல்ல மனிதர், கேட்டுவிட்டுக் கொடுத்துவிட்டார். முந்தைய 14,000 ரூபாய்க்கு அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதற்குப் புது அட்டைப் பெட்டியும் வாரன்டி கார்டும் கைக்கு வந்தன.

எல்லா வண்டிக்கும் எர்த்தான் காரணம் என்று யாரும் உப்புத்தாளோடு கிளம்பிவிட வேண்டாம். செல்ப் சுற்றவில்லையா, செல்ப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா என்று முதலில் பிரிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வியாதி. செல்ப் சுற்றி இன்ஜின் பிடிக்காத வண்டியில், அதுவும் சூடாக இருக்கும்போது மட்டும் படுத்தினால், கிராங்க் சென்சார் மேல் எனக்குச் சந்தேகம் போகும். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் சூட்டில் விட்டுப்போய், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். செல்ப் சுற்றும்போது பல வண்டிகளில் ஆர்பிஎம் முள் லேசாக எழும். அப்படி எழுகிற வண்டியில் முள் அசையாமல் கிடந்தால் அது பெரிய துப்பு. கியர் வண்டியைத் தள்ளிப் பார்த்ததும் கிளம்பிவிட்டால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரி, பேட்டரி–செல்ப் பக்கம் போங்கள் என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளாதீர்கள், பயனில்லை.

தினமும் எடுத்தால் கிளம்பும், நாலு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் கிளம்பாது என்பார்கள் சிலர். அங்கே பேட்டரியை யாரோ உறிஞ்சுகிறார்கள். எல்லாம் அணைத்துப் பூட்டி, உள்ளேயுள்ள கம்ப்யூட்டர்களும் அடங்கிய பிறகு கார் இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 300 இழுத்தால் ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-மணி போகும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நாலைந்து நாளில் காலி. பெரும்பாலும் அகப்படுவது, பிற்பாடு பொருத்திய மியூசிக் சிஸ்டமோ ரிவர்ஸ் கேமராவோதான். ஒரிஜினல் வயரைக் கீறி, நாலு முறுக்கு முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். புதுப் பேட்டரி போட்டால் அதையும் அதே வேகத்தில் குடிக்கும்.

இதெல்லாம் வண்டியோடு வாழ்கிறவருக்கே முதலில் தெரிகிற விஷயம். காலையிலா, சூட்டிலா, மழை பெய்த மறுநாளா, டேங்க் நிரப்பிய உடனேயா, சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறதா, மாற்றுச் சாவி போட்டால் கிளம்புகிறதா என்பதை ஒரு துண்டுத் தாளில் குறித்து வந்தால் எனக்குப் பாதி நாள் மிச்சம். நிற்கும்போது டேஷ்போர்டும் சத்தமும் பதிவாகிறபடி செல்போனில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. ஸ்பேனரால் செல்ப்பைத் தட்டியதும் கிளம்பியது என்றால் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி குறைவு.

“ஸ்கேனர் போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களில் 2010-லும் 2013-லுமாக இரண்டு கட்டங்களில், ஸ்கேனர் படிக்கிற தன்சோதனை ஏற்பாடு கட்டாயமானது. நல்ல விஷயம். ஆனால் கம்ப்யூட்டர் தன்னோடு இணைந்த சென்சார்களையும் வயர்களையும்தான் கவனிக்கும். துருப்பிடித்த எர்த் போல்ட்டுக்குக் கோட் நம்பர் கிடையாது. கோட் வந்தாலும் அது காட்டுவது இந்தப் பாதையில் சிக்கல் என்பதைத்தான். சென்சாரா, வயரா, எலி கடித்ததா என்பதை ஆள் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கோளாறு தலைகாட்டும்வரை வண்டியை வைத்திருந்தால் இடம் அடைபடும், ஆள் அடைபடும், “இன்னுமா பாக்கிறீங்க?” என்று போன் வந்தபடி இருக்கும். இரண்டு நாள் கழித்து, “ஒண்ணும் மாத்தலையே, எதுக்கு காசு?” என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள். இதில் ஒருமுறை பட்டவர் அடுத்த வண்டிக்குப் பேட்டரியைத்தான் எழுதுவார். அவருக்கும் வாடகை இருக்கிறது.

வயரிங் படம் கிடைப்பதும் எங்களைப் போன்ற ரோட்டோரக் கடைக்குச் சுலபமில்லை. எந்த வயர் எந்த ரிலே வழியாகப் போகிறது என்று தெரியாமல் டேஷ்போர்டைப் பிரிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே, கம்பெனி டீலருக்குக் கிடைக்கும் பழுதுபார்ப்புத் தகவல் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கேயும் சட்டமாக வர வேண்டும். எத்தனை வருட வண்டியானாலும், நியாயமான கட்டணத்துக்கு, ஊர்ப் பட்டறைக்கும் வயரிங் படம் கொடுத்தாக வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். என் கடைப் பலகையில் ‘கோளாறு பார்க்க ரூ.500’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இழுத்துக்கொண்டே போனால் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பலகையைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். கூலி வாங்கினால் எங்கே அளந்தேன், எவ்வளவு காட்டியது, எவ்வளவு காட்டியிருக்க வேண்டும் என்று பில்லிலேயே எழுதித் தருகிறேன். மெக்கானிக் சங்கங்கள் இதை ஊருக்கு ஊர் வழக்கமாக்கினால் சாமான் விற்பனை கொஞ்சம் குறையும், எங்கள் பேர் கொஞ்சம் கூடும்.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது பேட்டரியையோ செல்ப்பையோ மாற்ற வேண்டும் என்று சொன்னால், மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். அளந்து பதில் சொல்கிறவருக்கு, அவர் ஒரு சாமானும் மாற்றாவிட்டாலும், பேரம் பேசாமல் கூலியைக் கொடுங்கள்.