சிரிக்கிறதா, சிம்பன்ஸி?

ஆண்டுக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பட்டணம் பார்த்து வருவது நம் ஊர்களில் பழைய வழக்கம். ஆரணிப் பட்டு நெய்யும் தேசூரிலிருந்து புறப்பட்டால், வந்தவாசி, செங்கற்பட்டு வழியாகப் பட்டணத்துக்குள் நுழையுமுன்பே வண்டலூர் வந்துவிடுகிறது. ஆகவே முதலில் மிருகக் காட்சிச் சாலை, அப்புறம்தான் கடற்கரை. முன்பெல்லாம் போய் வந்தவர் வாயால் வர்ணிப்பார்; இன்று கைப்பேசியில் படமாகவே கொண்டு வந்து காட்டுகிறார். அந்தப் படங்களில் குழந்தைகளின் மனத்தைக் கவர்வது சிம்பன்ஸிதான். "எப்படிச் சிரிக்கிறது, பார்!" என்று சொல்லாத வீடு இல்லை.

உண்மையில் அது சிரிக்கிறதா?

பல்லைக் காட்டினால் சிரிப்பா?

சிம்பன்ஸி இரண்டு வரிசைப் பற்களையும் இறுக்கிக் காட்டினால், பெரும்பாலும் அது பயத்தின் அல்லது பணிவின் அடையாளம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். விளையாட்டுக் குஷியில் இருக்கும்போது அது வாயைத் தளர்வாகத் திறக்கும்; மேல்வரிசைப் பற்கள் உதட்டுக்குள் மறைந்தே இருக்கும். கொரில்லாவின் கதை வேறு. அதை நேருக்கு நேர் உற்று நோக்கினால் சண்டைக்கு அழைப்பதாக அது எண்ணிக் கொள்ளும். நாமோ காமிராவின் கண்ணாடிக் கண்ணையும் சேர்த்து வைத்துக்கொண்டு உற்று நோக்குகிறோம்!

இக்கட்டுரைக்காகப் படம் எடுக்க வண்டலூர் போயிருந்தேன். அகழிக்கு அப்பால் ஒரு சிம்பன்ஸி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கூட்டம் கைதட்டியது, கூவியது. அது திரும்பவே இல்லை. புலியைப் படமெடுத்தபோது தோன்றாத ஒரு கூச்சம் அங்கே தோன்றிற்று. அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பவனுக்கு வரும் கூச்சம் அது.

அது வீண் உணர்ச்சியா? அப்படிச் சொல்ல முடியாது. சிம்பன்ஸியும் கொரில்லாவும் ஒராங் உடானும் வாலில்லாக் குரங்கினம். நமக்கு மிக நெருங்கிய உறவு. 1960-ல் ஜேன் குடால் என்ற இளம்பெண் இன்றைய டான்ஸானியாவிலுள்ள கோம்பே காட்டுக்குப் போனார். ஒரு சிம்பன்ஸி புல் தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் பிடித்துத் தின்பதையும், குச்சியின் இலைகளை உருவி அதற்கென்று தயார் செய்வதையும் அவர் கண்டார். கருவி செய்பவன் மனிதன் ஒருவனே என்ற பெருமை அன்றோடு போயிற்று. 2025-ல் மறையும்வரை அவர் இந்த ஜீவன்களுக்காகவே பேசி வந்தார்.

உயிர்க் காலேஜ்

சென்னை மிருகக் காட்சிச் சாலைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மியூஸியத்திலேயே அதைத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகிலிருந்த பூங்காவுக்கு மாறியது. மியூஸியம் 'செத்த காலேஜ்', மிருகச் சாலை 'உயிர்க் காலேஜ்' என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். 1985-ல் வண்டலூர்க் காட்டையொட்டிய விசாலமான இடத்துக்கு மாற்றப்பட்டு, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். இரும்புக் கம்பிக்குப் பதிலாக அகழி வந்ததும், பாறையும் மரமும் வந்ததும் பெரிய முன்னேற்றமே.

ஆனால் வாலில்லாக் குரங்குக்கு இடம் மட்டும் போதாது, இனமும் வேண்டும். மைசூர் மிருகச் சாலையில் போலோ என்ற கொரில்லா இருந்தது. 1995-ல் அயர்லாந்திலுள்ள டப்ளின் நகரிலிருந்து வந்து, 2014-ல் இறந்தது. இந்தியா முழுவதிலும் அப்போது இருந்த ஒரே கொரில்லா அதுதான். ஒடிஸாவில் நந்தன்கானனில் பின்னி என்ற ஒராங் உடானும் இப்படியே தேசத்தில் தனி ஒருத்தியாக இருந்து 2019-ல் கண்ணை மூடியது. இரண்டுக்கும் சோற்றுக்குக் குறைவில்லை, வைத்தியத்துக்கும் குறைவில்லை. பேச்சுத் துணைதான் இல்லை.

தேசூர் நெசவாளி நாள் முழுவதும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர். ஓரிடத்தில் அடைந்து கிடப்பது என்றால் என்ன என்று அவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அவர் எழுந்து தெருவுக்கு வருவார்; நாலு பேருடன் பேசுவார். போலோவுக்கு அந்தத் தெரு இல்லை.

கோர்ட்டுக்கு வந்த வழக்கு

அர்ஜென்டினாவில் இந்தச் சங்கடம் நீதிமன்றம் வரை போயிற்று. பியூனஸ் அயர்ஸ் நகரிலிருந்த சாண்ட்ரா என்ற ஒராங் உடானுக்கும் உரிமைகள் உண்டு என்று 2014-ல் தீர்ப்பாயிற்று. 2019-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள ஒரு சரணாலயத்துக்கு அது அனுப்பப்பட்டது. மெண்டோஸா நகரில் தனியே கிடந்த செசிலியா என்ற சிம்பன்ஸிக்காக, சிறைப்பட்ட மனிதனுக்குப் போடும் ஹேபியஸ் கார்ப்பஸ் மனுவே போடப்பட்டது. 2016-ல் வெற்றி, மறு ஆண்டு பிரேஸிலுக்குப் பயணம்.

நம் நாட்டில்? ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு, விலங்குகளுக்குப் பசி, பயம், வலி முதலியவற்றிலிருந்து விடுதலை வேண்டும், இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம் வேண்டும் என்று கூறியது. 2023-ல் அரசியல் சாஸன பெஞ்ச், விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டென்று கொள்ள முன்மாதிரி இல்லை என்று தெளிவுபடுத்தியது. எனவே அர்ஜென்டினா வழி இங்கே திறந்திருப்பதாகச் சொல்வதற்கில்லை.

அவிழ்த்துவிட முடியுமா?

"பாவம், காட்டில் விட்டுவிடலாமே" என்று சிலர் சொல்லக் கூடும். எந்தக் காட்டில்? சிம்பன்ஸி ஆப்பிரிக்கக் காடுகளுக்கு உரியது. கூண்டில் பிறந்து வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது; காட்டுக் கூட்டம் அந்நியரைச் சேர்த்துக் கொள்வதும் அபூர்வம். அவிழ்த்துவிடுவது கருணையாகாது, கைகழுவுவதாகும்.

மிருகச் சாலைகளே வேண்டாம் என்பதும் சரியல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கு அருகி வருகிறது. அதை வண்டலூரில் வளர்த்துப் பெருக்குவதில் அர்த்தம் உண்டு; அதற்கு இங்கே காடு இருக்கிறது. கடல் கடந்து கொண்டு வரும் வாலில்லாக் குரங்குகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அவற்றைக் கொண்டு வருவது பெரும்பாலும் நாம் பார்ப்பதற்கே.

ஆகவே செய்யக் கூடியது என்ன? இருப்பவற்றை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தனியாக வைக்கவே கூடாது. மைசூருக்கு 2021-ல் ஜெர்மனியிலிருந்து கொரில்லாக்கள் இரண்டாக வந்தது, போலோவின் தனிமைக்குப் பிறகு வந்த நல்ல புத்தி எனலாம். ஏற, ஒளிய, தேடித் தின்ன, மூளைக்கு வேலை கொடுக்க வசதி வேண்டும். முக்கியமாக, ஜனங்களின் கண்ணில் படாமல் ஒதுங்கிக் கொள்ள ஒரு மறைவிடம் வேண்டும். காட்சிக்காக மட்டும் புதிதாக வரவழைப்பதை நிறுத்த வேண்டும்.

நம் பங்குக்கும் சட்டம் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, மிருகச் சாலையில் விலங்குகளைச் சீண்டுவதையும், அவற்றுக்குத் தின்பண்டம் போடுவதையும், கூச்சலிட்டுத் தொல்லை செய்வதையும் தடுக்கிறது. கைதட்டிக் கூப்பிடுவதும் கூச்சல்தான்.

படம் எடுக்கக் கூடாது என்பதல்ல, எடுக்கலாம். அது திரும்பிப் பார்க்கும்வரை பேசாமல் நிற்கலாம். திரும்பாவிட்டால் முதுகையே எடுத்துக் கொண்டு போகலாம். குழந்தை "ஏனப்பா திரும்பிக்கொண்டது?" என்று கேட்டால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டே விளக்கிச் சொல்லலாம். உயிர்க் காலேஜில் படிக்க வேண்டிய பாடமும் அதுதானே!