காரநீர் நுண்ணுயிர்களும் மாப்பொருளைச் சிதைக்கும் நொதியும்

மகாராஷ்டிர மாநிலத்தின் புல்டாணா மாவட்டத்தில், எரிமலைக் கரும்பாறையின்மீது விண்கல் மோதியதால் உண்டான லோனார் ஏரி அமைந்துள்ளது. அதன் நீர் சலவைச் சோடாக் கரைசலைப் போன்று காரம் மிக்கது, பி.எச். அளவு ஏறத்தாழ 10 ஆகும். அந்நீரில் பாக்டீரியாக்கள் செழித்து வாழ்கின்றன. அவற்றுட் சில, மாப்பொருளைச் சர்க்கரையாகச் சிதைக்கும் அமைலேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன.

இத்தகைய நொதியின் பயன் சிறிதன்று. பாவு நூலுக்கு இட்ட கஞ்சியை நீக்கவும், காரத்தன்மையுள்ள சலவைத் தூளில் சேர்க்கவும் அது உதவும். சாதாரண அமைலேஸ்களிற் பல அவ்வளவு காரத்தில் செயலிழந்துவிடும். ஜப்பானிய விஞ்ஞானி கோகி ஹோரிகோஷி, நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் கார்பனேட் சேர்த்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்து, பி.எச். 10 அளவில் சிறப்பாகச் செயற்படும் அமைலேஸை 1971-ல் வெளிப்படுத்தினார்.

எனினும், காரநீரில் வாழும் உயிரின் நொதி அனைத்தும் காரத்தில் இயங்கும் என்று கொள்வது பிழை. உயிரணுவின் உட்புறம் வெளிநீரைக் காட்டிலும் காரம் குறைந்தது. ஆதலின் உள்ளே பணிபுரியும் நொதிகளிற் பல நடுநிலையையே விரும்புவன. வளர்ப்பு நீரிலோ பல புரதங்கள் கலந்திருக்கும். புரதத்தைச் சிதைக்கும் வேறொரு நொதி அதில் இருப்பின், அமைலேஸ் நிலையற்றது என்ற தவறான முடிவு கிட்டும். எனவே, தூய்மை செய்யப்படாத நொதியின் இயல்பைப் பற்றிய எந்த முடிவும் முடிவாகாது.

அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படிவாக்கி, சவ்வின் வழியே உப்பை நீக்கி, அயனிப் பரிமாற்றப் பத்தியில் செலுத்திப் புரதங்களைப் பிரிப்பது வழக்கம். ஒவ்வொரு படியிலும் கணக்கு வேண்டும். தொடக்கத்தில் 500 மில்லிகிராம் புரதத்தில் 1,000 அலகு செயற்றிறன் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிகிராமுக்கு 2 அலகு. இறுதியில் 2 மில்லிகிராமில் 200 அலகு எஞ்சினால், ஒரு மில்லிகிராமுக்கு 100 அலகு. தூய்மை 50 மடங்கு உயர்ந்தது. கிடைத்ததோ நூற்றுக்கு 20 பங்கே. இவ்விரு எண்களையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை. மின்புலத்தில் ஓடவிட்ட கூழ்மத்தில் ஒரே பட்டை தெரிந்த பின்னரே பி.எச்., உஷ்ணநிலை, கால்சியத்தின் தேவை ஆகியவற்றை ஆராய்தல் முறை.

பள்ளிப் பரிசோதனையிலும் ஒரு பொறி உள்ளது. மாப்பொருளும் அயோடினும் சேர்ந்தால் நீலநிறம் தோன்றும். நிறம் மறைந்தால் மாப்பொருள் சிதைந்தது என்று கற்பிக்கப்படுகிறது. ஆனால் காரக் கரைசலில் அயோடின் தானே மாறுதலடைந்து நிறம் இழக்கும். மாப்பொருள் சிறிதும் குறையாமலே நொதி வென்றதாக மாணவர் எழுதிவிடுவர். ஆகையால் சில துளிகளை எடுத்து, நீர்த்த அமிலத்தால் காரத்தைப் போக்கிய பின்னரே அயோடினைச் சேர்த்தல் வேண்டும். நொதி சேர்க்காத மற்றொரு குழாயையும் உடன் வைத்துச் சோதிப்பது இன்றியமையாதது.

களப்பணியாளரின் பங்கும் இத்தகையதே. மாதிரி எடுத்த இடம், நாள், நீரின் உஷ்ணநிலை, பி.எச். ஆகியவற்றை அவ்விடத்திலேயே அளந்து குறித்தல் வேண்டும். குறிப்பில்லாத புட்டி எத்துணைச் சிறந்த ஆய்வகத்திற்குச் சென்றாலும் பயனற்றதாகும். லோனார் ஏரி வனவிலங்குச் சரணாலயம். 2020-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. எனவே முறையான அனுமதியின்றி அங்கு மாதிரி எடுத்தல் தகாது.

புதிய நுண்ணுயிர் கிடைத்தது என்னும் செய்தி மகிழ்ச்சி தருவதே. ஆயினும் கரையில் எழுதும் குறிப்பேடும், வகுப்பில் வைக்கும் ஒப்பீட்டுக் குழாயும், ஆய்வகத்தின் தூய்மைக் கணக்கும் ஒன்றுக்கொன்று துணை நின்றால்தான் அச்செய்தி அறிவாகும். விரைந்து அறிவிப்பதினும் திருந்த அறிவிப்பதே விஞ்ஞானத்திற்குச் செய்யும் தொண்டு.